டெக்கீலா என்றால் என்ன? பாட்டிலில் எதைப் பார்க்கணும்? வீட்டில் நண்பருடன் சுவைத்துப் பார்க்கும் முன் சேரம்பாடிக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியவை!

புறங்கையில் உப்பு, பல்லுக்கு நடுவே எலுமிச்சைத் துண்டு, ஒரே மடக்கில் காலியாகும் சின்ன கிளாஸ். டெக்கீலா என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது சினிமாவில் பார்த்த இந்தக் காட்சிதான். ஆனா, அந்தப் பானம் பிறந்த மெக்சிகோவில் நல்ல டெக்கீலாவை மடக்குன்னு குடிக்க மாட்டாங்க. மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா சுவைப்பாங்க.

வளைகுடாவில் இருந்து லீவுக்கு வரும் நண்பர் ஒரு பாட்டில் கொண்டு வருகிறார். 'வீட்டுலயே உட்கார்ந்து டேஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா?' என்று கேட்கிறார். நீலகிரியின் பந்தலூர் தாலுகாவில், கேரள எல்லையை ஒட்டி இருக்கும் சேரம்பாடி போன்ற ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. பாட்டில் எங்கிருந்து வந்தது, அதில் என்ன எழுதியிருக்கு, எவ்வளவு குடிக்கிறோம், முடிந்ததும் நண்பர் எப்படி வீட்டுக்குப் போகிறார், காலி பாட்டில் எங்கே போகிறது என எல்லாமே இங்கே முக்கியம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டெக்கீலா எதில் இருந்து வருகிறது?

அகாவே என்ற செடியில் இருந்து. நம்ம ஊரில் இதன் உறவுக்காரச் செடிக்கு ஆனைக்கற்றாழை என்று பெயர். ரயில் பாதை ஓரமாக வேலி போல நிற்பதால் ரயில் கற்றாழை என்றும் சொல்வாங்க. கற்றாழை என்று அழைத்தாலும், ஜூஸ் போடும் சோற்றுக்கற்றாழைக்கும் இதற்கும் நெருங்கிய சொந்தம் கிடையாது. தாவரவியல்படி அகாவே, நம்ம தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது.

டெக்கீலாவுக்கு எல்லா அகாவேயும் ஆகாது. நீல அகாவே என்ற ஒரே ஒரு ரகம்தான் பயன்படும். அது முதிர்வதற்கே 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். முதிர்ந்ததும் நீளமான இலைகளை வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் இருக்கும் தண்டுப் பகுதியை மட்டும் எடுப்பார்கள். பார்க்க ராட்சத அன்னாசிப்பழம் மாதிரி இருக்கும். ஸ்பானிஷ் மொழியில் அதற்குப் பெயரே 'பின்யா', அதாவது அன்னாசி. ஒரு பின்யா பல பத்து கிலோ எடை இருக்கும்.

அதை அடுப்பில் வேகவைத்தால் உள்ளே இருக்கும் சிக்கலான சர்க்கரை எளிய சர்க்கரையாக மாறும். பிறகு நசுக்கிச் சாறு எடுத்து, புளிக்கவைத்து, வழக்கமாக இரண்டு முறை வாலையில் வடித்தால் கிடைப்பது டெக்கீலா. ஒரு செடியை வெட்டினால் அதன் கதை அத்துடன் முடிந்தது. அடுத்த அறுவடைக்கு மறுபடி நட்டு, பல வருஷம் காத்திருக்கணும். நல்ல டெக்கீலா விலை அதிகமாக இருக்க இது முதல் காரணம். இந்தியாவில் இறக்குமதி மதுவுக்கு விதிக்கப்படும் அதிகமான சுங்க வரி இரண்டாவது காரணம்.

எங்கே செய்தாலும் டெக்கீலாவா?

இல்லை. டெக்கீலா என்பது மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் உள்ள ஒரு ஊரின் பெயர். காஞ்சிபுரம் பட்டு, ஊட்டி வர்க்கி மாதிரி இதுவும் ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருள். 1974-ல் மெக்சிகோ இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. ஹலிஸ்கோ மாநிலம் முழுவதும், குவானஹுவாத்தோ, மிச்சோவகான், நயாரித், தமௌலிபாஸ் ஆகிய 4 மாநிலங்களின் சில பகுதிகளும் சேர்ந்ததுதான் டெக்கீலா வட்டாரம். அங்கே விளைந்த நீல அகாவேயில், அங்கேயே தயாரித்தால்தான் அந்தப் பெயர். அந்த வட்டாரத்தின் அகாவே தோட்டங்களை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்தியாவிலும் இந்தப் பெயருக்குப் பாதுகாப்பு உண்டு. சென்னை கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் பட்டியலில் டெக்கீலாவும் இருக்கிறது.

அப்போ நம்ம ஊர் ஆனைக்கற்றாழையில் செய்ய முடியாதா? செய்கிறார்கள். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், தக்காணப் பீடபூமியில் தானாக வளரும் அகாவேயில் இருந்து மது வடிக்கும் ஆலையை டெஸ்மண்ட் நாசரேத் என்பவர் அமைத்தார். 2011-ல் கோவாவில் அது 'டெஸ்மண்ட்ஜி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆனா லேபிளில் டெக்கீலா என்று போட முடியாது, 'அகாவே மது' என்றுதான் போடணும்.

ஒரு எச்சரிக்கை: வேலியில் நிற்கும் ஆனைக்கற்றாழையை வெட்டி வீட்டில் பரிசோதனை செய்ய வேண்டாம். அதன் பச்சைச் சாறு தோலில் பட்டால் அரிப்பும் எரிச்சலும் வரும். அதைவிட முக்கியம், வீட்டில் சாராயம் காய்ச்சுவது தமிழ்நாட்டில் கடுமையான குற்றம்.

பாட்டிலில் எதைப் பார்க்கணும்?

முதலில் '100% அகாவே' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்க. அது இருந்தால் முழுக்க நீல அகாவே சர்க்கரையில் செய்தது. அந்த வரி இல்லாமல் வெறும் 'டெக்கீலா' என்று மட்டும் இருந்தால், குறைந்தது 51% அகாவே சர்க்கரை இருக்கும். மீதி 49% வரை கரும்பு போன்ற வேறு சர்க்கரையாக இருக்கலாம். இதுவும் சட்டப்படி டெக்கீலாதான், ஏமாற்று இல்லை. ஆனா சுவைத்துப் பார்க்கத்தான் வாங்குறீங்கன்னா, செடியின் சுவை தெளிவாகத் தெரிவது முதல் வகையில்தான்.

அடுத்து, எவ்வளவு காலம் பீப்பாயில் வைத்தார்கள் என்பது. இதைச் சில ஸ்பானிஷ் சொற்கள் சொல்லிவிடும்.

பிளாங்கோ: வெள்ளை. வடித்த உடனே, அல்லது 2 மாதத்துக்குள் பாட்டிலுக்குப் போனது. செடியின் சுவை நேராகத் தெரியும்.

ரெபோசாடோ: ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 2 மாதம் இருந்தது. இளம் மஞ்சள் நிறம்.

அன்யெஹோ: குறைந்தது 1 வருஷம். எக்ஸ்ட்ரா அன்யெஹோ என்றால் குறைந்தது 3 வருஷம்.

'கலர் அடர்த்தியா இருக்கு, அப்போ ரொம்ப நாள் ஊறினது' என்று முடிவு பண்ணிட வேண்டாம். நிறமும் மணமும் சேர்க்க எடையில் 1% வரை கேரமல் போன்ற பொருட்களைக் கலக்க விதியில் இடம் உண்டு. நிறத்தை நம்புவதைவிட லேபிளைப் படிப்பது நல்லது.

மூன்றாவதாக, லேபிளில் 'என்.ஓ.எம்' என்ற எழுத்துகளுடன் 4 இலக்க எண் இருக்கும். எந்த ஆலையில் தயாரானது என்பதைக் காட்டும் எண் அது. இந்தியாவில் முறையாக விற்கப்படும் பாட்டிலில் இதோடு இறக்குமதியாளர் பெயர், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண், எச்சரிக்கை வாசகம் எல்லாம் தனி ஸ்டிக்கரில் இருக்கும். சீல் உடைந்திருந்தாலோ, லேபிள் இல்லாமல் 'ஃபாரின் சரக்கு' என்று யாராவது கொடுத்தாலோ, சுவைத்துப் பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மெத்தனாலை வாசனையை வைத்தோ சுவையை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது.

எல்லை தாண்டி வாங்கி வரலாமா?

சேரம்பாடிக்காரங்களுக்கு ரொம்ப முக்கியமான கேள்வி இதுதான். சோலாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் வயநாடு. 'அங்கே ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்துடலாமே' என்று தோன்றுவது இயல்பு. ஆனா அனுமதி இல்லாமல் பிற மாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டு வருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி குற்றம். 'ஒரே ஒரு பாட்டில்தானே, நானே குடிக்கத்தானே' என்று சொல்வது போலீஸிடம் எடுபடாது. வழக்கு மட்டுமல்ல, வாகனமும் பறிமுதல் ஆகலாம்.

தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் மட்டும்தான் இருக்கிறது. டெக்கீலா எல்லாக் கடையிலும் கிடைக்காது. வெளிநாட்டு மது வைத்திருக்கும் எலைட் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். பில் வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

விமான நிலையத்தில் வாங்கிய பாட்டில்? வெளிநாட்டில் இருந்து வரும் பயணி 2 லிட்டர் வரை மது கொண்டு வர சுங்கத்துறை அனுமதிக்கிறது. ஆனா அது நாட்டுக்குள் கொண்டு வருவதற்கான சலுகை. கோழிக்கோட்டில் இறங்கி, ரோடு வழியாக நீலகிரிக்கு வரும்போது மாநிலச் சட்டம் தனி. எனவே கிளம்பும் முன் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதும், பில்லைக் கையில் வைத்திருப்பதும் நல்லது.

வயது வரம்பும் எல்லைக்கு எல்லை மாறும். தமிழ்நாட்டில் 21, கேரளாவில் 23.

எப்படிச் சுவைப்பது?

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு முன்னால் டீ டேஸ்டர்கள் என்ன செய்கிறார்கள்? வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, நிறம் பார்த்து, மணம் பார்த்து, ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்பிவிடுவார்கள். நூறு கிண்ணம் சுவைத்தாலும் நூறு டீ குடிப்பதில்லை. மதுவைச் சுவைப்பவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். துப்புவது அநாகரிகம் இல்லை. தொழில்முறைச் சுவைஞர்கள் துப்பத்தான் செய்கிறார்கள்.

அளவு: ஒருவருக்கு, ஒரு வகைக்கு 15 மி.லி. போதும். 40% ஆல்கஹால் உள்ள டெக்கீலாவில் 15 மி.லி. என்றால் சுமார் 5 கிராம் சுத்த ஆல்கஹால். மூன்று வகை பார்த்தால் 14 கிராம். இத்துடன் நிறுத்துவதுதான் சுவைத்துப் பார்ப்பது. இதற்கு மேல் போனால் அது சாதாரணக் குடிதான்.

கிளாஸ்: வாய் கொஞ்சம் குறுகலான சின்ன கண்ணாடி கிளாஸ் நல்லது. இல்லையென்றால் டீக்கடை கிளாஸே போதும். பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கு.

மணம்: மூக்கைக் கிளாஸுக்குள் விட்டால் ஆல்கஹால் ஆவி சுரீர்னு ஏறும், வேறு எதுவும் தெரியாது. கிளாஸை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, மெல்ல மேலே கொண்டு வாங்க. வாயை லேசாகத் திறந்து வைத்து முகர்ந்தால் எரிச்சல் குறையும்.

சுவை: கால் ஸ்பூன் அளவு வாயில் எடுத்து, சில நொடி நாக்கில் சுழல விடுங்க. முதல் வாய் நாக்கை மரத்துப் போக வைக்கும். இரண்டாவது வாயில்தான் சுவை தெரியும். இடையிடையே தண்ணீர் குடிக்கணும்.

பிளாங்கோவில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கின் இனிப்பு, பச்சைப்புல் வாசனை, எலுமிச்சைத் தோல், கடைசியில் மிளகுக் காரம் தெரியலாம். டீத்தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் ஏறும் பச்சை மிளகைக் கடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் காரம் உடனே பிடிபடும். ரெபோசாடோவில் பட்டை, வெனிலா போன்ற மணம் கூடும். அது செடியில் இருந்து வருவதில்லை, பீப்பாய் மரம் கொடுப்பது. ரெண்டு பேரும் தனித்தனியா தாளில் எழுதி வைத்து, அப்புறம் ஒப்பிட்டுப் பார்த்தால் நல்லா இருக்கும். ஒருத்தர் சொன்னதும் அடுத்தவருக்கும் அதே வாசனை வருவது மனித இயல்பு.

உப்பும் எலுமிச்சையும் வேண்டாமா? அவை சுவையை மறைக்க வந்தவை. எரிச்சல் தரும் மட்டமான பானத்துக்கு உதவும். சுவைத்துப் பார்க்கும்போது ஓரமாக வைத்துவிடலாம். ஆனா சாப்பாடு அவசியம். வெறும் வயிற்றில் குடித்தால் ஆல்கஹால் வேகமாக ரத்தத்தில் கலக்கும். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காருவதே நல்லது. கூடவே வேர்க்கடலை, நேந்திரங்காய் சிப்ஸ், அன்னாசித் துண்டு போதும்.

ஊரில் சுத்தும் நம்பிக்கைகள் உண்மையா?

'டெக்கீலா மத்த சரக்கைவிட கிக் அதிகம்': இல்லை. 40% டெக்கீலாவும் 40% பிராந்தியும் ஒரே அளவு ஆல்கஹால்தான். மடக்கு மடக்காகக் குடிப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது.

'பாட்டிலுக்குள் புழு இருக்கும்': டெக்கீலாவில் கிடையாது. மெஸ்கால் என்ற வேறொரு அகாவே மதுவின் சில பாட்டில்களில் போடுவார்கள்.

'சுகருக்கு நல்லது': தவறு. 2014-ல் வெளியான ஒரு மெக்சிகோ ஆய்வு, அகாவே செடியில் உள்ள 'அகாவின்' என்ற சர்க்கரையை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. டெக்கீலா தயாரிக்கும்போது அந்தச் சர்க்கரை ஆல்கஹாலாக மாறிவிடுகிறது. குடிப்பவருக்கு அது கிடைக்காது.

'குளிருக்கு இதம்': மலையில் அதிகம் கேட்கும் வசனம் இது. ஆல்கஹால் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால் சூடாக இருப்பது போலத் தோன்றும். உண்மையில் உடம்பு உள்ளே இருக்கும் சூட்டை இழந்துகொண்டிருக்கும்.

'கட்டங்காபி குடிச்சா தெளிஞ்சிடும்': தூக்கம் குறையலாம், போதை குறையாது. ஆல்கஹாலைக் கல்லீரல் தன் வேகத்தில்தான் வெளியேற்றும்.

முடிந்த பிறகு நண்பர் எப்படி வீட்டுக்குப் போவார்?

மற்ற ஊர்களில் இதற்குப் பதில் 'வண்டி ஓட்டாதீங்க' என்பதோடு முடிந்துவிடும். 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சேரம்பாடியில் நடந்து போவதும் ஆபத்துதான். தேயிலைத் தோட்டமும் காடும் கலந்து கிடக்கும் இந்தப் பகுதி யானைகளின் வழி. 2020 டிசம்பரில் சேரம்பாடி, கொளப்பள்ளி சுற்றுவட்டாரத்தில் ஒரே யானை தாக்கி அடுத்தடுத்து 3 பேர் இறந்தார்கள். அந்த யானையை 2021 பிப்ரவரியில்தான் பிடிக்க முடிந்தது. பந்தலூர் வட்டாரத்தில் வீடுகளை இடித்து வந்த 'புல்லட்' யானையை வனத்துறை பிடித்தது 2024 டிசம்பரில்.

யானை நிற்பதை இருட்டில் பார்த்தவுடன் திரும்பி விலக, கண்ணும் காதும் காலும் ஒரே நேரத்தில் வேலை செய்யணும். மது முதலில் மந்தமாக்குவது இவற்றைத்தான். லைன் வீடுகளுக்குப் போகும் ஒத்தையடிப் பாதையில், மூடுபனியில், ரெண்டு கிளாஸ் உள்ளே போன ஒருவருக்கு அந்த நொடி கிடைக்காமல் போகலாம். அதனால் இங்கே ஒரே விதிதான்: சுவைக்க வந்த நண்பர் அன்று இரவு அங்கேயே தங்கணும். தங்க முடியாது என்றால் அந்த ராத்திரிக்கு டீ போதும்.

காலி பாட்டிலை என்ன செய்வது?

தூக்கி எறியக்கூடாது. காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் பாதத்தைக் கிழிக்கும். அந்தக் காயத்தோடு பல கிலோமீட்டர் நடக்கும் யானை மெல்ல மெல்லச் சாகவும் நேரிடலாம். இந்தப் பிரச்சினையைச் சென்னை உயர் நீதிமன்றம் கையில் எடுத்ததன் விளைவுதான் காலி மதுபாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம். 2022 மே 15-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் இது தொடங்கியது நீலகிரியில்தான். பாட்டில் வாங்கும்போது 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பிறகு இது வேறு மாவட்டங்களுக்கும் போனது. டாஸ்மாக்கில் வாங்காத பாட்டிலுக்குப் பணம் கிடைக்காது. ஆனாலும் அதைத் தூய்மைப் பணியாளர்களிடம் தனியாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

யாரெல்லாம் தொடவே கூடாது?

கர்ப்பிணிகள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், சர்க்கரை நோய், வலிப்பு, மனநலம், தூக்கம் தொடர்பான மருந்து எடுப்பவர்கள், குடிப்பழக்கத்தில் இருந்து மீண்டவர்கள். 'சும்மா ஒரு வாய்' என்று நண்பரைக் கட்டாயப்படுத்துவது நட்பு இல்லை. பாதுகாப்பான அளவு என்று மதுவுக்கு எதுவும் கிடையாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொன்னது. குடிக்காதவர் சுவைத்துப் பார்ப்பதற்காக ஆரம்பிக்கத் தேவையே இல்லை.

சுருக்கமா:

* '100% அகாவே' வரி, 4 இலக்க ஆலை எண், உடையாத சீல் இருக்கிறதா என்று பாருங்க.
* எல்லை தாண்டி பாட்டில் கொண்டு வராதீங்க.
* ஒரு வகைக்கு 15 மி.லி., அதிகபட்சம் மூன்று வகை. சாப்பிட்ட பிறகு, தண்ணீரோடு.
* நண்பர் இரவு தங்கணும். வண்டியும் வேண்டாம், நடையும் வேண்டாம்.
* காலி பாட்டில் கடைக்குத் திரும்பணும், காட்டுக்குப் போகக்கூடாது.
* குடித்த பிறகு கண் மங்கல், தொடர் வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்க. குடியை விட உதவி வேணும்னா 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு.